மூன்றாவது பாட்டில்

சமையலறை ட்யூப்லைட் எரியவில்லை என்று சுவாமிநாதன் ஸ்டூல் போட்டு ஏறி, சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, டெஸ்டரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "கரண்டே வரல ரஞ்சனி" என்றான். சொன்னதோடு நிற்காமல், உள்ளே தொங்கிய சிவப்பு ஒயரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, விளக்குத் திரி திரிப்பதுபோல நிதானமாக முறுக்கி, திருகாணியில் சுற்றினான். கூடத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் எதிர்வீட்டில் ஃப்யூஸ் கம்பி கேட்கப் போனதும், ஸ்ரீரஞ்சனி சும்மா ஒரு குறுகுறுப்பில் ஸ்டூல்மேல் ஏறி, அதே டெஸ்டரை அதே ஒயரில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த குட்டி விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

அவன் திரும்பி வந்ததும் கேட்டாள். "ஏன்னா, அதுல கரண்ட் இருக்கே. வெறுங்கையால முறுக்கினேளே, ஒண்ணும் பண்ணலையா?"

அவன் டெஸ்டரை அவளிடமிருந்து வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினான். "செருப்புப் போட்டுண்டிருந்தேன்" என்றான்.

அந்த வீட்டில் சமையலறைக்குள் செருப்போடு நுழைந்தால் மாமியார் ஜலஜா ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ரஞ்சனி அவன் காலைப் பார்த்தாள். வெறுங்கால். காலையில் அவள் துடைத்த தரையில் ஈரம் இன்னும் காயவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இதை அத்தோடு விட்டிருப்பார்கள். ரஞ்சனியால் முடியவில்லை. டெஸ்டர் விளக்கு, அதைப் பிடித்திருப்பவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடினால்தான் எரியும். எதற்குள் மின்சாரம் எவ்வளவு ஓடும் என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. வீடு இருந்த ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பாலம் தாண்டினால் அடையாறு. அங்கே ஒரு மாடியில் இருந்த பரிசோதனைக்கூடத்தில் எட்டு வருஷமாக வேலை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஊரே வந்தது அந்த வருஷங்களில். தண்ணீருக்குள் இரண்டு தகடுகள் பதித்த கண்ணாடிக் குச்சியை இறக்கினால் மீட்டரில் எண் வரும். உப்பு ஏற ஏற எண் ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீருக்கு இரண்டு, மூன்று. மயிலாப்பூர்க் கிணறுகளுக்கு ஆயிரம், இரண்டாயிரம். பட்டினப்பாக்கத்துக் கடல் தண்ணீருக்கு ஐம்பதாயிரம். மண் வந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, குலுக்கி, வடிகட்டி, அந்த வடிநீரை அளப்பார்கள். உயிருள்ள எதுவும், உயிரோடு இருந்த எதுவும் சைபர் காட்டாது. இது அவளுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு மாதிரி.

அது தொண்ணூற்றேழு ஜூன். கத்திரி வெயில் முடிந்தும் வெக்கை போகவில்லை. அவளுக்கு நின்றால் வேர்வை, நடந்தால் வேர்வை. கணவனின் சட்டைகளை அன்று மாலை ஊறவைக்க எடுத்தபோதுதான், ஏழு வருஷமாகக் கண்ணில் பட்டும் மனதில் படாத ஒன்று பட்டது. கல்லூரியில் கணக்கு வாத்தியார். நாளெல்லாம் நின்று கத்திவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். சட்டை நனைந்திருக்கிறது. ஆனால் அக்குளில், காலரில், முதுகில், எங்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்ததே இல்லை. முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. மழைத்தண்ணீரில் நனைந்த துணிக்குக்கூட ஏதோ ஒரு வாசனை இருக்கும்.

அவர்கள் வீட்டுச் சமையலில் உப்பு கிடையாது. கல்யாணமாகி வந்த அன்றே ஜலஜா சொல்லிவிட்டாள், உப்பிலியப்பனுக்கு வேண்டுதல், இந்த ஆத்து ஆண்பிள்ளைகள் உப்புச் சேர்த்துக்கொள்வதில்லை என்று. மாதத்தில் ஒரு நாள் திருவோணத்தன்று உப்பில்லாமல் விரதமிருக்கும் குடும்பங்கள் ரஞ்சனிக்குத் தெரியும். இவர்கள் கொஞ்சம் அதிகப்படி பக்தி என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் ஜலஜா தனியாக உப்புப் போட்டுச் சமைப்பாள். போதாததற்கு வடுமாங்காய், உப்பு நார்த்தங்காய், மோர்மிளகாய், எல்லாம் அவள் தட்டில்தான் விழும். "சாப்பிடுடி, வேர்க்கற உடம்பு உனக்கு" என்று மேலும் மேலும் போடுவாள். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும் என்று ரஞ்சனி ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவள். குழந்தை வர்ஷினிக்கு மட்டும் பாட்டியே தனியாகப் பிசைந்து ஊட்டுவாள். அதில் ரஞ்சனி தலையிட்டதில்லை, வேலைக்குப் போகிறவளுக்கு அது உபகாரம்.

திங்கட்கிழமை அவன் கைக்குட்டையை பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். மண்ணுக்குச் செய்வதையே அதற்கும் செய்தாள். ஊறவைத்தாள், குலுக்கினாள், வடிகட்டினாள். குச்சியை இறக்கினாள்.

மூன்று.

தகட்டைக் கழுவிவிட்டு மறுபடி. மூன்று. அளவு தெரிந்த உப்புக் கரைசலில் வைத்து மீட்டரைச் சோதித்தாள். மீட்டர் சரியாக இருந்தது. மறுபடி மூன்று.

பக்கத்து மேஜையில் ஜமீலுன்னிசா தலையைத் தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட இருப்பவள், கூடவே சாப்பிடுபவள். "இன்னா ரஞ்சனி, அதையே முறைச்சுக்கினு கீறே?"

"ஒரு துணி ஜமீலா. வேர்வைத் துணி. மூணுதான் காட்டறது."

"வேர்வையா? நம்ம ஊரு தண்ணில துவைச்ச துணியை அப்படியே போட்டாக்கூட முப்பது நாப்பது காட்டுமே. யாருது?"

"பக்கத்தாத்து மாமாவோடது" என்று சொல்லிவிட்டாள். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஜமீலா தன் கைக்குட்டையை எடுத்து, வேடிக்கையாக அதையும் ஊறவைத்துப் பார்த்தாள். அறுநூற்றுப் பத்து. "பாரு, நான் பக்கா மெட்ராஸ்காரி" என்று சிரித்தாள். ரஞ்சனியின் கைக்குட்டை முன்னூற்று எண்பது காட்டியது. ரஞ்சனிக்குத்தான் ஆபீஸிலேயே அதிகமாக வேர்க்கும். உள்ளங்கை ஈரத்தில் ரிப்போர்ட் காகிதம் ஊறிப்போகிறது என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

மறுநாள் ரஞ்சனியின் கைக்குட்டை இருநூற்று எழுபது. அதற்கு மறுநாள் நூற்று நாற்பது.

வியாழக்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். விரல்கள் மடங்கிக்கொள்ளும், பிரிக்க முடியாது. தலை சுற்றும். வெயில் என்று நினைத்திருந்தாள். உடம்பில் உப்புக் குறைந்தாலும் இப்படித்தான் இழுக்கும். கட்டைச் சுவரில் சாய்ந்து, பாலத்துப் பக்கமிருந்து வரும் ஆற்று நாற்றத்தையும் கீழே டீக்கடையில் பால் பொங்கும் வாசனையையும் மாறி மாறி முகர்ந்துகொண்டு, காலில் இழுப்பு விடட்டும் என்று காத்திருந்தபோது, அவளுக்கு அவளுடைய ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. சுவாமிநாதன் தினமும் அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் தூங்குவான். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. சண்டை போட்ட நாளிலும் கை மட்டும் வேண்டும். அதைப் பிரியம் என்று நம்பியிருந்தாள். காலையில் உள்ளங்கை உலர்ந்து, ஊறிச் சுருங்கிய தோல்போல இருக்கும். அதையும் பிரியம் என்றுதான் நம்பியிருந்தாள். இப்போது அந்தப் படியில் உட்கார்ந்து, தன் கையைத் தானே பார்த்து, வெட்கமும் ஆத்திரமுமாக அதைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். என்னை என்ன என்று நினைத்து வைத்திருந்தான் இவன்?

அடுத்த நினைப்பு வந்ததும் ஆத்திரம் போய்விட்டது. பயம்தான் மிச்சம்.

வர்ஷினி. நாலரை வயசு. அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கிறாள். அவன் கைக்கெட்டும் தூரத்தில்.

தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். குழந்தையை மட்டும் வெளியே கொண்டுபோய்விட வேண்டும். கே.கே. நகரில் அம்மா வீடு இருக்கிறது. ஆனால் போய் என்ன சொல்வது? மாப்பிள்ளை சட்டையில் உப்புப் பூக்கவில்லை என்றா? கையில் ஒரு எண் இருந்தால் பேசலாம். குழந்தையிடமிருந்தும் உப்பை எடுக்கிறான் என்பதற்கு ஒரு எண்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்கு வந்ததும் மூன்று பாட்டில்களை எடுத்தாள். அங்கே பாட்டிலில் பெயர் எழுதும் பழக்கமில்லை. யாருடைய தண்ணீர் என்று தெரிந்தால் அளப்பவரின் கண் தப்புச் செய்யும் என்பதால் எண் மட்டும்தான். ஒன்று, கணவனுடையது. இரண்டு, அவளுடையது. மூன்று, எல்.கே.ஜி. யூனிஃபார்மில் ஊசி குத்தி மாட்டும் வர்ஷினியின் சின்னக் கைக்குட்டை. வியாழக்கிழமை காலை அவளே குழாய்த் தண்ணீரில் அலசி உலர்த்தி மாட்டிவிட்டது, அன்று மதியம் மூக்கும் வாயும் துடைத்துக் கசங்கித் திரும்பி வந்தது. மூன்றையும் ஊறவைத்து, வடிகட்டி, மூடினாள். மீட்டரைப் போடப் போகையில் கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும் என்றார்கள்.

அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. பதினொன்றரைக்குப் பாட்டி குழந்தையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவாள். அவன் வர ஆறு மணியாகும். நடுவில்தான் கிளம்ப வேண்டும்.

"ஜமீலா, கரண்ட் வந்ததும் இந்த மூணையும் பாத்து, ஆத்துக்கு போன் பண்ணிச் சொல்றியா?"

"உன் மூஞ்சி ஏன் இப்புடிக் கீது? போய்ப் படு. நான் பண்றேன்."

வீட்டில் மதியம் வழக்கம்போல இருந்தது. ரசத்தின் மிளகு வாசனை. பாதி சாத்திய ஜன்னல் வழியாகக் கோடு கோடாக வெயில். கூடத்துத் தரையில் வர்ஷினி குப்புறப் படுத்துக்கொண்டு கலர் பென்சிலால் யானை வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் தேய்கிற சத்தம். மின்விசிறியின் கிறீச். ரஞ்சனி அலமாரியைத் திறந்து குழந்தையின் கவுன்களை அள்ளிப் பைக்குள் திணித்தாள். விரல்கள் பாதியில் மடங்கிக்கொண்டன. பல்லால் ஜிப்பை இழுத்தாள்.

திரும்பினால் வாசற்படியில் ஜலஜா.

"எங்கேடி கிளம்பிட்டே?"

"அம்மாவாத்துக்கு. ரெண்டு நாள்."

ஜலஜா பையைப் பார்த்தாள். மருமகளின் மடங்கிய விரல்களைப் பார்த்தாள். பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். "தெரிஞ்சுண்டுட்டே" என்றாள்.

ரஞ்சனி எதிர்பார்த்தது வேறு. மறுப்பாள், திட்டுவாள், உனக்குப் பைத்தியமா என்பாள். அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவா அப்பாவும் இப்படித்தான். என்னன்னு கேக்காதே, எனக்கும் தெரியாது. சாதத்துல உப்பைப் போட்டா வாந்தி எடுத்துடுவா. மனுஷா உடம்புலேர்ந்து வந்தாத்தான் ஒத்துக்கும். எனக்கு முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பாடு." ஜலஜா தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மாவு சலித்த காகிதம்போல, ரேகையே இல்லாமல் இருந்தன. "அவர் போனப்பறம் இவன். பெத்த பிள்ளை, என்ன பண்றது? முடியலைடி எனக்கு. அதான் பொண்ணு தேட ஆரம்பிச்சேன்."

பெண் பார்க்க வந்த அன்று இவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்திலும் பயத்திலும் அந்தக் கை சொட்டச் சொட்ட வேர்த்திருந்தது. ஜாதகம்கூடப் பார்க்காமல், "இந்தப் பொண்ணுதான், எனக்குப் பிடிச்சுடுத்து" என்றவள் இவள். பாட்டுப் பாடச் சொல்லவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. கையை மட்டும் விடவே இல்லை. எவ்வளவு பாசம் என்று அன்று ராத்திரி ரஞ்சனியின் அம்மா அழுதாள்.

"வடுமாங்காய் வடுமாங்காய்னு போட்டேளே" என்றாள் ரஞ்சனி. "எனக்குப் பிடிக்கும்னுதானே போடறேள்னு நினைச்சேன். எங்க அம்மாவைவிட உங்களை நம்பினேனே!"

"பிடிக்கும்னும்தான் போட்டேன்" என்றாள் ஜலஜா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"நான் என் குழந்தையை அழைச்சுண்டு போறேன். அவளை அவன் தொட விடமாட்டேன்."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது ரஞ்சனி. அவளைப் பத்தி நீ கவலையே படாதே."

ரஞ்சனி அவளைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். நாலடி. கெண்டைக்கால் இழுத்தது. அடுத்து தொடை. முதுகு. முறுக்கிப் பிழிந்த துணிபோல உடம்பு சுருட்டிக்கொண்டு, டெலிபோன் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்தாள். தலை சுவரில் இடித்தது. கத்தவில்லை. குழந்தை பயந்துவிடுவாளே என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

"வர்ஷி, இங்க வாடா கண்ணா. அம்மா கையைப் பிடிச்சுக்கோ. நாம அம்மம்மாவாத்துக்குப் போப்போறோம்."

குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன மடியின் சூடு ரஞ்சனிக்குத் தைரியமாக இருந்தது. கொஞ்ச நேரம். இழுப்பு விட்டதும் எழுந்துவிடலாம். தெருமுனையில் ஆட்டோ இருக்கும்.

போன் அடித்தது.

வலது கையின் மணிக்கட்டால் ரிசீவரைத் தட்டி விழவைத்தாள். அது காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஜமீலாவின் குரல்.

"ரஞ்சனி? கரண்ட் வந்துச்சு, பாத்துட்டேன். ஒண்ணாவது, மூணு. அதே ஆளுதான் போலகீது. ரெண்டாவது, அம்பத்தொண்ணு."

ஐம்பத்தொன்று. நான்.

"மூணாவது?" என்றாள்.

"அதான் கேக்கலாம்னு பண்ணேன். மூணாவது பாட்டில்ல நீ துணியே ஊறப்போடல போலகீது. சும்மா டிஸ்டில்டு வாட்டரை ஊத்தி மூடி வெச்சுட்டியா? ரெண்டுதான் காட்டுது."

இரண்டு. வர்ஷினி.

அலசியது தன் கைதான். குழாய்த் தண்ணீர். மூக்கைத் துடைத்தது. வாயைத் துடைத்தது. குறைந்தது நாற்பது இருக்க வேண்டும். அதுவும் போய்விட்டிருக்கிறது.

கவலையே படாதே.

இடது கையில் ஏதோ ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரமாகவே இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் வரை. மெல்ல. சொரசொரவென்று. ஒரே சீராக.

"ரஞ்சனி? ஹலோ? கேக்குதா?"

கீழே பார்க்கவேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள். வர்ஷினி அவள் கையை இரண்டு கையாலும் ஏந்தி, விரலிடுக்குகளைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ்க்ரீம் குச்சியை முடிக்கிற கவனம் அந்த முகத்தில். பிறகு நிமிர்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பாட்டி, அம்மா சப்புன்னு ஆயிட்டா."

ஜலஜா வந்து, குனிந்து, ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். ஜமீலாவின் குரல் பாதியில் நின்றது. "அப்படிச் சொல்லப்படாது கண்ணு" என்றாள் பேத்தியிடம். ஜன்னலின் மற்றப் பாதியையும் சாத்தினாள்.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள் ரஞ்சனி. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. கால் கேட்கவில்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. இவளுக்காகத்தானே. பை இவளுக்காக. பாட்டில் இவளுக்காக. வயிற்றில் சுமந்த பத்து மாசமும்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். கண்ணை இறுக்க மூடினாள். எவ்வளவு இறுக்கியும் இமையோரத்தில் சூடாக ஒன்று திரண்டு, கன்னத்தில் இறங்கியது.

கண்ணைத் திறந்தாள். குழந்தையின் முகம் மலர்ந்திருந்தது. "ஹை" என்றாள் வர்ஷினி. அம்மாவின் வயிற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, மார்பில் ஒரு கையை ஊன்றி, மேலே ஏறி வர ஆரம்பித்தாள்.